கிராபிக்ஸ் கார்டுக்கு வோல்டேஜ் டயட்

நாக்பூர்ல மே மாசம் 45 டிகிரி சர்வ சாதாரணம். இந்த ஊர்ல பசங்க படிக்கிற, தூங்குற ரூம்லயே 220 வாட் கிராபிக்ஸ் கார்டை ஓடவிடறதும், கதவைச் சாத்திட்டு ஒரு குட்டி ஹீட்டரைப் போடறதும் ஒண்ணுதான். கார்டு தின்கிற கரண்ட் அத்தனையும் கடைசியில சூடாத்தான் வெளியே வருது. பெரிய ஃபேன், தண்ணி கூலிங்னு எதை மாட்டினாலும் அது சூட்டைக் கார்டுலேர்ந்து எடுத்து ரூமுக்குள்ள கொட்டும், அவ்வளவுதான். அதனால கேபினெட்டுக்கு இன்னொரு ஃபேன் வாங்கறதுக்கு முன்னாடி அண்டர்வோல்ட் பண்ணுங்க மக்களே, இதான் என் கட்சி.

கம்பெனிக்காரன் வெச்ச வோல்டேஜைக் குறைக்கலாமான்னு ஒரு பயம் எல்லாருக்கும் வரும். நியாயம்தான். ஆனா அவன் வெச்சது உங்க சிப்புக்காக மட்டும் இல்லை. ஒரே மாடல்ல வர்ற சிப்புகள்ல ஒண்ணு நல்லா இருக்கும், ஒண்ணு சுமாரா இருக்கும். சுமாரானதும் தடுமாறாம ஓடணும்னு எல்லாத்துக்கும் சேர்த்து கொஞ்சம் தாராளமா வெச்சிருப்பான். போதாததுக்கு பெஞ்ச்மார்க்ல போட்டிக்காரனை ரெண்டு சதவீதமாவது முந்தணும்னு கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிவான். அந்த ரெண்டு சதவீதத்துக்கான கரண்டும் வேர்வையும் நம்ம கணக்கு :-)

பள்ளிக்கூட பிசிக்ஸ்தான். சிப்பு இழுக்கிற பவர்ல வோல்டேஜோட வர்க்கம் வரும். 1.05 வோல்ட்லேர்ந்து 0.875-க்கு இறக்கினா, அதே வேகத்துலயே கிட்டத்தட்ட 30 சதவீதம் மிச்சம். (மெமரிக்குப் போற பவர் தனி, அது குறையாது.) எங்க வீட்டு ஆர்டிஎக்ஸ் 3070-ஐ 0.875 வோல்ட், 1,800 மெகாஹெர்ட்ஸ்ல நிறுத்தினேன். 220 வாட் இழுத்தது இப்ப 165 பக்கம் நிக்குது. கேம்ல வித்தியாசம் கண்டுபிடிச்சுச் சொல்லுடான்னு பையனைக் கேட்டேன். "ஃபேன் சத்தம் காணோம்பா"ன்னான்.

ஈத்தரியம் மைனிங் பண்ணவங்க 2022 செப்டம்பர்ல கடையைக் கட்டற வரைக்கும் இதைத்தான் செஞ்சாங்க. கரண்ட் பில்லுதான் அவங்க முதலீடு, குறைக்காம இருப்பாங்களா?

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ல கண்ட்ரோல்-எஃப் அழுத்தினா வோல்டேஜ், வேகம் ரெண்டையும் காட்டுற கோடு வரும். வேணுங்கற வோல்டேஜ்ல புள்ளியை வேணுங்கற வேகத்துக்குத் தூக்குங்க. அதுக்கு வலப்பக்கம் இருக்கிறதெல்லாம் அந்த உயரத்தைத் தாண்டாம தட்டையாக்கிட்டு அப்ளை கொடுங்க. ஏஎம்டி கார்டுன்னா அட்ரினலின் சாஃப்ட்வேர்லயே அண்டர்வோல்ட்னு ஒரு பட்டன் இருக்கு. ரொம்பக் குறைச்சா கேம் தானா மூடிக்கும், இல்லை ஸ்க்ரீன் கறுத்துப் போகும். ரீஸ்டார்ட் பண்ணி ஒரு படி ஏத்துங்க. வோல்டேஜ் குறைஞ்சு சிப்பு எரியாது, ஏறினாத்தான் வம்பு.

இதுக்கும் பொறுமையில்லாதவங்க பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இழுத்து விட்டுட்டுப் போங்க. அண்டர்வோல்ட் அளவுக்கு நேர்த்தி இல்லை, வேகம் இன்னும் கொஞ்சம் குறையும். ஆனா ரெண்டு நிமிஷ வேலை.

காசு எவ்வளவு மிச்சம்னு தங்கமணி கேட்டாங்க. தினம் நாலு மணி நேரம்னா மாசம் ஆறரை யூனிட். இதை வெச்சு ஊர்ல மனை வாங்க முடியாதுதான். ஏசி போடற வீடுன்னா அந்தச் சூட்டை வெளியே தள்ளற செலவும் கொஞ்சம் குறையும். ஆனா எனக்குப் பெருசு அது இல்லை. ராத்திரி கரண்ட் போனா எங்க சின்ன யூபிஎஸ் இப்ப முன்னைவிடக் கூட நேரம் தாங்குது. பொண்ணு அதே ரூம்ல உட்கார்ந்து படிக்க முடியுது.

ஒண்ணு மறந்துடாதீங்க. என்விடியா கார்டுல சூடு ஏற ஏற வேகம் படிப்படியா 15 மெகாஹெர்ட்ஸ் தானா இறங்கும். அதனால கோட்டை கார்டு குளிர்ந்து இருக்கிறப்ப வரையறதும், ஒரு மணி நேரம் கேம் ஓடினப்புறம் வரையறதும் ஒண்ணு இல்லை. டிசம்பர்ல செட் பண்ணினவங்க மே மாசம் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடுங்க.