மூன்று நாளில் முடியும் வழக்கு

கிளிநொச்சியில் ஓர் இல்லத்தில் செபமாலை முடிந்து அமர்ந்திருந்தோம். அடுத்த அறையிலிருந்து "ஒப்ஜெக்ஷன்!" என்றொரு கூச்சல் எழுந்தது. அவ்வீட்டின் பதினான்கு வயதுப் பேரன் கைத்தொலைபேசியில் வழக்காடிக்கொண்டிருந்தான். "எந்நேரமும் இதுதான், பாதர்" என்று தாயார் குறைப்பட்டார். வாங்கிப் பார்த்தேன்.

'ஏஸ் அற்றோர்னி' என்பது அதன் பெயர். யப்பானின் கப்கொம் நிறுவனத்தில் ஷூ தகுமி என்பவர் உருவாக்கி 2001இல் வெளிவந்தது. பின்னர் கைத்தொலைபேசிக்கும் வந்தது. ஆடுபவரே எதிரியின் சட்டத்தரணி. சாட்சி உரைப்பதை வசனம் வசனமாகக் கேட்டு, அதனோடு முரண்படும் சான்றுப்பொருளைத் தக்க இடத்தில் முன்வைக்க வேண்டும். தவறினால் தண்டம்; தண்டம் மிகுந்தால் எதிரி குற்றவாளியாவார். வழக்குகள் பெரும்பாலும் கொலை வழக்குகளே என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. எனினும் கவனமாக வாசிக்கவும் கேட்கவும் பழக்கும் ஒன்றைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

இம்முறை நமக்குப் புதியதுமன்று. தானியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தில், சூசன்னாவின்மேல் பழி சுமத்திய முதியோர் இருவரையும் தானியேல் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என வினவுகிறார். ஆளுக்கொரு மரத்தைச் சொல்கின்றனர். பொய் அங்கேயே உடைகிறது. இதைச் சொன்னபோது, "அதுவும் கேமா, பாதர்?" என்றான் பையன்.

என் ஆட்சேபனை வேறு. அவ்விளையாட்டில் விசாரணை மூன்று நாளுக்குள் முடிய வேண்டும் என்பது விதி. முரண்பாட்டைச் சுட்டியதும் பொய்யர் நிலைகுலைகிறார், உண்மை வெளிவருகிறது. வன்னியில் வளரும் பிள்ளை நீதிமன்றத்தை இவ்வாறு மட்டும் அறிந்து வளரலாகாது.

2009 மே 18இல் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்பும் சென்றார். அவர் திரும்பவில்லை. சரணடைந்தோரின் உறவினர் சிலர் 2013இல் வவுனியா மேல் நீதிமன்றில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தனர். முல்லைத்தீவு நீதவான் மன்றில் தவணை தவணையாக விசாரணை நடந்தது. சரணடைந்தோரின் பட்டியல் இருப்பதாக இராணுவத் தரப்புச் சாட்சி கூறினார். பின்னர் மன்றுக்கு வந்ததோ புனர்வாழ்வு பெற்றோரின் பட்டியல். தானியேல் கேட்ட இரு மரங்களை விடத் தெளிவான முரண்பாடு! ஆனால் எவரும் நிலைகுலையவில்லை. எழிலன் எனப்படும் சின்னத்துரை சசிதரனை ஆஜர்படுத்துமாறு வவுனியா மேல் நீதிமன்றம் கட்டளையிட்டது 2022 டிசெம்பரில்தான். ஒன்பது ஆண்டுகள்.

பெற்றோரே, தொலைபேசியைப் பறிக்க வேண்டாம். அருகிலமர்ந்து இந்த வழக்கையும் சொல்லுங்கள். தோற்ற மறுகணமே மீண்டும் தொடங்க இயலாத மன்றில், அடுத்த தவணைக்கும் பேருந்தேறிச் சென்ற பெண்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

அன்று அவ்வீட்டு அம்மம்மா, காணாமற்போன மகனின் படத்தைப் பல வாசல்களுக்குச் சுமந்தவர், பேரனருகே சென்றமர்ந்தார்.

"தம்பி, உந்தக் கோட்டிலை எத்தினை தவணை?"

"மூண்டு நாள்தான், அம்மம்மா."

அவர் மறுமொழி கூறவில்லை. தொலைபேசியை வாங்கிக் கண்ணருகே பிடித்து, அந்தத் தாடிக்கார நீதிபதியின் முகத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.