இரண்டு நாள் அன்பு போதுமா?

1868ஆம் ஆண்டு. வேல்ஸ் நாட்டில் லாண்டுட்னோ என்று ஒரு கடற்கரை ஊர். ஜோசையா ஸ்பையர்ஸ் என்பவர் ஓய்வுக்காக அங்கே போயிருந்தார். கடவுளின் அன்பைப் பற்றிய வேத வாசகம் ஒன்றை மணலில் பெரிய எழுத்தில் எழுதினார். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கூழாங்கல்லும் கிளிஞ்சலும் பொறுக்கி வந்து அந்த எழுத்துக்களை அலங்கரித்தார்கள். பிறகு உட்கார்ந்து அவர் சொன்னதைக் கேட்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு லண்டனில் அவர் தொடங்கிய சிறுவர் ஊழியமே, பின்னால் ஸ்கிரிப்சர் யூனியன் என்ற இயக்கமாக வளர்ந்தது. அது இந்தியாவுக்கும் வந்தது. இன்று திருச்சபைகள் பலவும் பிள்ளைகளுக்கு முகாம் நடத்துகின்றன. சனி, ஞாயிறு இரண்டு நாள். பாட்டு, விளையாட்டு, ஜெபம், நல்ல சாப்பாடு!

நல்ல காரியம்தான். ஆனால், வருகிற பிள்ளைகள் யார்?

தாயையோ தகப்பனையோ இழந்தவர்கள் உண்டு. குடிகாரத் தகப்பனின் அடிக்குப் பயந்து வாழ்பவர்கள் உண்டு. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் உண்டு. 13 வயது முதல் 17 வயது வரை உள்ள பருவம். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும், உயிரையே கொடுத்துவிடுவார்கள். அப்படி நம்புகிறவர்களை ஏமாற்றுவதும் எளிது. ஆகவே, இவர்களுக்கு முகாம் நடத்துகிறவர்களின் பொறுப்பு இரண்டு மடங்கு.

கடல் விளையாட்டல்ல

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடப்பாக்கம் போன்ற ஊர் முகாமுக்கு ஏற்ற இடம். ஒரு பக்கம் கடல். அருகே ஆலம்பரைக் கோட்டை. 1750ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760ல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த கோட்டை அது. பிள்ளைகளை அழைத்துப் போய்ச் சரித்திரம் சொல்லலாம். ஆனால் இடிந்த சுவர்மீது ஏற விடக்கூடாது.

கடலிலோ இன்னும் எச்சரிக்கை வேண்டும். கரையில் நின்று பார்த்தால் அலை சாதுவாகத் தெரியும். உள்ளே இழுக்கும் நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது. நீச்சல் தெரிந்தவனையும் அது இழுத்துப் போய்விடும்.

1993ஆம் ஆண்டு மார்ச் 22ந் தேதி, இங்கிலாந்தில் லைம் விரிகுடாவில் பள்ளிப் பிள்ளைகள் சிறு படகுகளில் போனார்கள். அலை படகுகளைக் கவிழ்த்தது. 4 பிள்ளைகள் இறந்தார்கள். அதன் பிறகு, 1995ல், இத்தகைய நிலையங்களுக்கு அங்கே தனிச் சட்டமே வந்தது. சாவு வந்த பிறகுதான் சட்டம் வர வேண்டுமா? உள்ளூர் மீனவர்களைக் கேளுங்கள். அவர்கள் "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான்!

வேலியே பயிரை மேயலாமா?

முகாமில் ஊழியர் ஒருவரும் பிள்ளை ஒன்றும் மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. பேச வேண்டுமா? நாலு பேர் கண்ணில் படும் இடத்தில் பேசலாம். பெண் பிள்ளைகளுக்குப் பெண்களே துணை இருக்க வேண்டும். புதிதாக வரும் ஊழியர் யார், முன்பு எங்கே இருந்தார் என்று விசாரிக்க வேண்டும். "போதகருக்குத் தெரிந்தவர்" என்பது மட்டும் போதாது.

ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்ல வருகிறது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, அத்தகைய குற்றம் தெரிந்தவர் எவரும் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை உண்டு. நிறுவனத் தலைவர் மறைத்தால் 1 வருடம் வரை. குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. அதை எல்லாப் பிள்ளைகளும் பார்க்கும்படி சுவரில் எழுதி வைக்கலாம்.

சபையின் பெயர் கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுவார்கள். மறைப்பதால்தான் பெயர் கெடும்.

ஆசை காட்ட வேண்டாம்

கிறிஸ்தவர்கள் நடத்தும் முகாமில் கிறிஸ்துவைப் பற்றிப் பேசுவார்கள். அதில் ஒளிவு மறைவு வேண்டாம். பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கட்டும். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளிகளில்கூட, காப்பாளர் சம்மதமின்றி ஒரு சிறுவனை மத போதனைக்கு உட்படுத்தக்கூடாது என்று நம் அரசியல் சட்டத்தின் 28வது பிரிவு சொல்கிறது. முகாம் பள்ளிக்கூடம் அல்ல. ஆனாலும் அந்த நியாயம் இங்கும் பொருந்தும்.

பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டு, அதற்கு விலையாக ஜெபம் கேட்பது அன்பாகாது. இரவில் பாட்டுப் பாடி, அழ வைத்து, அந்த வேகத்தில் முடிவெடுக்கச் சொல்வதும் சரியல்ல. சிறுவர்களைத் தம்மிடம் வரவிடாமல் தடுத்த சீடர்களை இயேசு கடிந்துகொண்டார். தடுப்பவரைக் கடிந்துகொண்டாரே தவிர, வராதவரைப் பிடித்து இழுக்கச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை என்ன ஆகும்?

ஞாயிறு மாலை பேருந்து புறப்படும். பிள்ளை வீடு திரும்பும். அதே வீடு. அதே குடி. அதே அடி. இரண்டு நாள் கிடைத்த அன்பு திடீரென்று நின்றுபோனால், அது புதிய காயமாகிவிடும். ஏற்கெனவே பலர் கைவிட்ட பிள்ளை அல்லவா?

ஆகவே, முகாமுக்கு முன்பே திட்டம் வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் அதன் ஊரிலேயே கவனிக்க நம்பிக்கையான ஒருவர் வேண்டும். மாதம் ஒருமுறையாவது வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பள்ளியில் மீண்டும் சேர்க்க வேண்டுமானால், அதற்கு அலைய வேண்டும். 100 பிள்ளைகளை அழைத்து மறந்துவிடுவதைவிட, 20 பிள்ளைகளை அழைத்து ஆண்டு முழுவதும் நினைப்பது மேல்.

பெற்றோரும் சும்மா இருக்கக்கூடாது. யார் நடத்துகிறார்கள்? இரவில் எங்கே தூங்க வைப்பார்கள்? கடலுக்கு அழைத்துப் போவார்களா? கூச்சப்படாமல் கேளுங்கள். நல்லவர்கள் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால், பிள்ளையை அனுப்பாதீர்கள்!