கூப்பிடு தூரமும் ஒளியாண்டும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்பவர்கள் குறைவு. தாப்பா எவ்வளவு தூரம் என்று கேட்டால், "இரண்டு மணி நேரம்" என்பார்கள். பக்கத்து லயம் எவ்வளவு தூரம் என்றால், "ஒரு பத்து நிமிட நடை" என்பார்கள். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். ஆனால், வளைவுகள் நிறைந்த அந்த மலைச்சாலையில் 60 என்ற எண் பயணிக்கு எதையும் உணர்த்துவதில்லை. எத்தனை மணிக்குப் புறப்பட்டால் எத்தனை மணிக்குச் சேரலாம் என்பதே அவருக்குத் தேவை.

இப்படிப் பேசும் குடும்பத்தில் வளர்ந்த மாணவருக்கு ஒளியாண்டு என்ற அலகு கடினமாக இருக்கவே கூடாது. இருந்தும் கடினமாக இருக்கிறது. அதற்குக் காரணம் மாணவரல்லர். அப்பாடம் தொடங்கும் இடம். ஓர் ஒளியாண்டு என்பது ஏறத்தாழ 9,460,000,000,000 கிலோமீட்டர் என்ற எண்ணை முதலில் கொடுத்து, அதை மனனம் செய்யச் சொல்கிறோம். தேர்வு முடிந்ததும் அந்தச் சுழியங்கள் மறைந்துவிடுகின்றன. எஞ்சியிருப்பது 'ஆண்டு' என்ற சொல் மட்டுமே. அதனால்தான் மேடைப் பேச்சாளர்கள்கூட, "இந்த நிலை மாறப் பல ஒளியாண்டுகள் ஆகும்" என்று தயங்காமல் பேசுகிறார்கள். ஒளியாண்டு காலத்தை அளப்பதில்லை, தூரத்தை அளக்கிறது. "தாப்பா இரண்டு மணி நேரம்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் தூரத்தைத்தான் சொல்கிறார் என்பதில் தோட்டத்தில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. பாடமும் அங்கிருந்தே தொடங்கலாம்.

தமிழில் இதற்கு இன்னும் பொருத்தமான ஒரு சொல் உண்டு. 'கூப்பிடு தூரம்' என்பது அது. ஒருவர் உரக்கக் கூப்பிட்டால் மற்றவர் காதில் விழும் தொலைவு. அளவுகோலும் சங்கிலியும் கையில் இல்லாதவர்கள், ஒலியையே அளவுகோலாக்கினார்கள். இன்று நாம் ஒளியை அளவுகோலாக்கியிருக்கிறோம். முறை ஒன்றே. மழைக்காலத்தில் மின்னலைக் கண்டதும் "ஒன்று, இரண்டு, மூன்று" என எண்ணி, இடி கேட்கும் வரை காத்திருக்கும் சிறுவனும் இதையே செய்கிறான். ஒலி மூன்று விநாடியில் சுமார் ஒரு கிலோமீட்டர் செல்லும். ஆறு எண்ணினால் மின்னல் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால்.

ஆனால், ஒரு வேறுபாட்டை மறைக்கக்கூடாது. கூப்பிடு தூரம் ஆளுக்கு ஆள், காற்றுக்குக் காற்று மாறும். தாப்பாவின் இரண்டு மணி நேரமும், மூடுபனி இறங்கினாலோ முன்னால் சுமை லாரி ஒன்று ஊர்ந்தாலோ மூன்று மணி நேரமாகிவிடும். ஒளி அப்படியன்று. வெற்றிடத்தில் அதன் வேகம் விநாடிக்கு 299,792 கிலோமீட்டர். எங்கும் எப்போதும் அதுவே. அது ஒரு விநாடியில் பூமியை ஏழரை முறை சுற்றிவரக்கூடிய வேகம். வேகம் மாறாததால்தான், நேரத்தைச் சொன்னாலே தூரத்தைச் சொன்னதாகிறது.

இந்த வேகத்தில் நிலவொளி 1.3 விநாடியில் நம்மை அடைகிறது. கதிரவனின் ஒளி 8 நிமிடம் 20 விநாடியில் வந்து சேர்கிறது. அதற்கு அடுத்த விண்மீனான பிராக்சிமா செந்தாரிக்கோ 4.24 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லாரி நிற்காமல் ஓடினால், அங்குச் சேர ஏறக்குறைய 76 மில்லியன் ஆண்டுகள் ஆகும். டைனோசர்கள் அழிவதற்கு முன்பே புறப்பட்டிருந்தால்தான் இப்போது சேர்ந்திருக்கும்!

இவ்வளவு தொலைவை அளந்தது எப்படி? இதற்கும் மலையின் கதையே உதவும். 1885இல் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதிக்கு வந்தது நில அளவையாளராகத்தான். எட்ட முடியாத சிகரத்தின் தொலைவை அறிய, இரண்டு இடங்களில் நின்று அதைப் பார்த்துக் கோணங்களை அளந்து முக்கோணம் அமைப்பது நில அளவையாளர்களின் வழக்கம். 1838இல் ஜெர்மானிய வானியலாளர் பெசல், அதே முக்கோணத்தை வானத்துக்குக் கொண்டு சென்றார். பூமி கதிரவனைச் சுற்றும் பாதையின் இரு புறங்களிலிருந்து ஒரே விண்மீனைப் பார்த்து, அதன் மிகச் சிறிய இடமாற்றத்தை அளந்தார். அந்த விண்மீனின் ஒளி நம்மை வந்தடைய 10.3 ஆண்டுகள் ஆகும் என்றும் குறிப்பிட்டார். இன்றைய கணக்கில் அது 11.4 ஆண்டுகள். தொழில்முறை வானியலாளர்கள் பார்செக் என்னும் வேறோர் அலகையே விரும்புகிறார்கள் என்பது உண்மை. ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டுக்குச் சமம். ஆனால், பார்செக் கணக்கிட உதவும். கற்பனை செய்ய உதவாது.

ஒளியாண்டு உதவும். வானில் மிகவும் ஒளிர்ந்து தெரியும் சிரியஸ் விண்மீன் 8.6 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நான்காம் படிவ மாணவர் இன்றிரவு காணும் அதன் ஒளி, அவர் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் இருந்தபோது புறப்பட்டது. ரோகிணி சுமார் 65 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. அதன் ஒளி புறப்பட்டபோது தாத்தா பாட்டியே சிறுபிள்ளைகள். அகத்தியர் பெயரால் தமிழர் அழைக்கும் விண்மீன் ஏறத்தாழ 310 ஒளியாண்டு. அந்த ஒளி கிளம்பியபோது இம்மலையில் ஒரு தேயிலைச் செடிகூட இல்லை. போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டதே 1929இல்தான். கார்த்திகை விண்மீன் கூட்டம் சுமார் 440 ஒளியாண்டு. அதன் ஒளி புறப்பட்ட காலத்தில் மலாக்காவைப் போர்த்துகீசியர் ஆண்டுகொண்டிருந்தனர். இப்படிச் சொன்னால், வரலாற்றுப் பாடமும் அறிவியல் பாடமும் ஒரே வானத்தில் சந்திக்கின்றன.

சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. பார்ப்பதற்கு இருள் வேண்டும். மலையில் நெகிழிக் கூடாரங்கள் பெருகிவிட்டன. செவ்வந்தி, இரவு நீண்டால்தான் மொட்டு விடும் செடி; காம்பு போதிய உயரம் வளரும் வரை பூப்பதைத் தள்ளிப்போட, இரவிலும் விளக்கு எரிப்பது பூ வளர்ப்போரின் முறை. அது அவர்களின் பிழைப்பு. அதைக் குறைசொல்வது நியாயமன்று. ஆனால், செடிக்குத் தேவையான ஒளி செடியின் மேல் விழுந்தால் போதும். மேல்நோக்கிக் கசியும் ஒளி பூவுக்கும் பயனில்லை, உரிமையாளரின் மின்கட்டணத்துக்கும் நல்லதில்லை. விடுதிகளுக்கும் தெருவிளக்குகளுக்கும் இதே கணக்குதான்.

தேயிலைச் சரிவுகள் இன்னும் ஓரளவு இருளைக் காத்து வைத்திருக்கின்றன. தேயிலைக்கு இரவு விளக்கு தேவையில்லை. எனவே, தோட்டப்புறப் பள்ளியின் திடல் நகரத்துப் பள்ளிகளுக்குக் கிடைக்காத ஓர் ஆய்வுக்கூடம். கேமரன் மலையில் பாதி நாள் மழையும் மூடுபனியும்தானே என்று சிலர் கேட்கலாம். சரிதான், பெரிய தொலைநோக்கி வைக்க இது ஏற்ற இடமன்று. ஆனால், மாணவர்கள் நான்கு விண்மீன்களை வெறுங்கண்ணால் காண ஆண்டுக்குச் சில தெளிந்த இரவுகள் போதும். இந்தியாவின் லடாக் பகுதியில் உள்ள ஹான்லே, 2022இல் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குக் கிராம மக்களே பயிற்சி பெற்று, வருவோருக்கு விண்மீன்களைக் காட்டுகிறார்கள். அவ்வளவு பெரிய அறிவிப்பு இங்குத் தேவையில்லை. பள்ளியும் தோட்ட நிருவாகமும் பேசி, திடலைச் சுற்றியுள்ள விளக்குகளுக்குத் தகட்டு மூடி பொருத்தினால் தொடங்கிவிடலாம்.

பிப்ரவரி நடுவில், இரவு 10 மணியளவில், மேகம் விலகியிருந்தால் சிரியஸ் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். அதற்குக் கீழே தெற்கில் அகத்தியர். மேற்குப் பக்கம் சற்று உயரத்தில் செந்நிறமாக ரோகிணி. அதற்கும் மேற்கே சிறு கொத்தாகக் கார்த்திகை. நான்கையும் காண மாணவர்கள் அன்று ஒரு மணி நேரம் தாமதமாக உறங்கினால் போதும்.