பழுது நீக்கும் உரிமை

பெரியதாழைக் கடற்கரையில் வலையின் கிழிசலை முதலில் காண்பவர் அவ்வலையை வீசும் மீனவரே. அதைச் செப்பனிடுபவரும் அவரே. கணினிக்கும் இவ்வியல்பு பொருந்தும்.

‘பெரியதாழை’ என்னும் பெயரில் ஒற்றைக்கொம்பும் இணைக்கொம்பும் உள்ளன. ஒருங்குறி முறையில் இவை எழுத்துக்குப் பின்னே சேமிக்கப்படுகின்றன. திரையில் முன்னே நகர்த்திக் காட்டுவது இயங்குதளத்தின் ஒரு கூறு. அக்கூறு பிழைபட்டால் கொம்பு இடம்மாறும். தமிழறியாப் பொறியாளர் கண்ணுக்கு அப்பிழை புலப்படாது.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் மூலநிரல் யாவர்க்கும் திறந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் லினக்ஸ் வழிப்பட்டதே. இத்தகைய தளங்களில் பிழையைக் கண்டவர் அறிவிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம், பராமரிப்போர் ஆராய்ந்து ஏற்பர். ஏற்கப்பட்ட திருத்தம் அனைவருக்கும் உரியதாகும்.

கட்டணமின்றிப் பெற்றுப் பயன்படுத்துவதோடு நின்றுவிடுதல் முறையன்று. தமிழின் பிழையைத் தமிழரே கண்டு களைதல் வேண்டும்.