தோண்டிப் பார்க்கும் தோட்டக்காரர்

ஆடி மாதம் பிறந்ததும் விதைப் பொட்டலத்தைத் தேடி எடுக்கும் வீடுகள் ஆலங்குளத்திலும் அதைச் சுற்றியுள்ள ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கங்களிலும் பல உண்டு. அவ்வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை ஒருவனும் இருந்துவிட்டால் இல்லத்தரசிக்குக் கவலை இரட்டிப்பாகிறது. அணிலைத் துரத்திவிடலாம், எறும்பைத் தடுத்துவிடலாம். திங்கட்கிழமை ஊன்றிய கத்தரி விதை முளைத்துவிட்டதா என்று செவ்வாய்க்கிழமை காலையிலேயே விரலை விட்டுத் தோண்டிப் பார்க்கும் அந்தச் சின்னத் தோட்டக்காரரை என்ன செய்வது?

அறையைப் பூட்டிவிடலாம் என்று சிலர் சொல்லுவார்கள். அதற்கு நம் ஊரில் முன்மாதிரியும் இருக்கிறது. வீட்டுக்குள் விதை முளைக்க வைப்பது நமக்குப் புதிய வித்தையன்று. மாரியம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி வளர்க்கும் பெண்கள், தட்டைப்பயறு, மொச்சை முதலியவற்றை ஊற வைத்து, எருவிட்ட மண்ணில் தூவி, இருட்டறையில் வைத்து வளர்க்கிறார்கள். அந்த அறைக்குள் எல்லாரையும் விடுவதில்லை. சில நாட்களுக்குள் முளைகள் வெளிர் மஞ்சளாக, முழ உயரத்துக்கு நெட்டையாக எழும்பி நிற்பதைக் காண அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த அழகு வெளிச்சம் கிடைக்காததால் வந்த அழகு. அம்மன் சந்நிதிக்குப் போகும் முளைக்கு அது போதும். நிலத்தில் நட்டுக் காய் பறிக்க வேண்டிய நாற்றுக்குப் போதாது. கத்தரியும் தக்காளியும் முளைக்கும் வரையில் மூடிக் கிடக்கலாம். முளை தலை காட்டிய அன்றே வெளிச்சம் வேண்டும். தாழ்வாரத்தில் காலை வெயில் படும் இடமே அதற்கு ஏற்றது. குழந்தைகள் ஓடி விளையாடும் இடமும் அதுவே. ஆகவே பூட்டு உதவாது. வேறு உபாயந்தான் தேட வேண்டும்.

உபாயம் மிக எளியது. தோண்டிப் பார்ப்பதற்கென்றே குழந்தைக்குத் தனியாக ஒரு சிரட்டையைக் கொடுத்துவிடுங்கள். அதில் தட்டைப்பயறு பத்து விதை ஊன்றச் சொல்லுங்கள். நாளுக்கு ஒன்றாக அவன் தோண்டி எடுத்துப் பார்க்கட்டும். முதலில் விதை உப்பும்; அப்புறம் வேர் கீழே இறங்கும்; பிறகுதான் தண்டு வளைந்து மேலே வரும். இதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு, மண்ணுக்குள் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்ற நம்பிக்கை பிறந்துவிடுகிறது. மற்றச் சிரட்டைகளைத் தொடாதே என்று சொன்னால், காரணம் தெரிந்தபடியால் பெரும்பாலும் கேட்டுக்கொள்ளுகிறான்.

இனி, நாற்றுச் சிரட்டைகளின் விஷயம். கண் உள்ள பாதியை எடுத்து, மெல்லிய கண்ணைக் குத்தினால் தண்ணீர் வடிய வழி ஆயிற்று. கரிசல் மண் மட்டும் போட்டால் நனைந்தபோது களியாகிக் காய்ந்தபோது வெடிக்கும். ஆகையால் மண், மணல், நன்றாக மக்கிய எரு மூன்றையும் சம அளவில் சலித்துக் கலந்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வையுங்கள். விதையை அரை விரற்கடை ஆழத்துக்கு மேல் ஊன்ற வேண்டாம். காலையில் கையால் தெளிக்கும் தண்ணீரே போதும். சதா ஈரமாக வைத்தால் தண்டு அடியிலேயே அழுகி நாற்றுகள் சாயும். நாற்றழுகல் என்பது இதுதான். தக்காளி ஒரு வாரத்திலும், கத்தரியும் மிளகாயும் ஏழு முதல் பன்னிரண்டு நாளிலும் முளைக்கும். பாகல், புடல், பீர்க்கு, வெண்டை இவைகளுக்கு இடம் மாற்றினால் பிடிக்காது. அவற்றை நேரே நிலத்தில் ஊன்றுவதே உத்தமம்.

குழந்தைகள் உள்ள வீட்டில் மூன்று எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, கடையில் வாங்கும் விதைகள் சில சிவப்பு, ரோஜா, நீலம் என்று நிறம் பூசி வருகின்றன. அது பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து பூசியதற்கு அடையாளம். குழந்தையின் கண்ணுக்கோ மிட்டாய்! அவ்வித விதையை வீட்டுக்குள் விதைக்கவே வேண்டாம். வீட்டில் பழுத்த நாட்டுக் கத்தரியின் விதையே போதும். தப்பித் தவறிக் குழந்தை நிற விதையைத் தின்றுவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயலாமல், பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இரண்டாவது, மொச்சையும் தட்டைப்பயறும் மூக்கிலோ காதிலோ புகுந்தால் ஈரத்தில் உப்பி அடைத்துக்கொள்ளும். மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. வாயில் போட்டுப் பார்க்கும் வயதுள்ள தம்பி தங்கைகள் அருகில் இருக்கும்போது பயறுச் சிரட்டையை வெளியே எடுக்காதீர்கள். விதை மூக்கில் போய்விட்டால் நீங்களே நோண்டி எடுக்க முயலாமல் வைத்தியரிடம் போங்கள்.

மூன்றாவது, வற்றல் மிளகாயிலிருந்து விதை உதிர்க்கும் வேலை பெரியவர்களுடையது. அந்தக் கையால் குழந்தை கண்ணைக் கசக்கினால் அன்றைய தோட்ட வேலை அழுகையில்தான் முடியும். எருவைத் தொட்ட கையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சோற்றில் வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தால், தக்காளி நாற்று இருபத்தைந்து நாளிலும், கத்தரி ஒரு மாதத்துக்குச் சற்று மேலும், மிளகாய் நாற்பது நாளிலும் நடவுக்குத் தயாராகும். நடும் நாளில் ஒரு நாற்றைக் குழந்தையின் கையால் நடச் சொல்லுங்கள். அது வேர் பிடித்ததா என்று மறுநாள் அவன் பிடுங்கிப் பார்க்க மாட்டான். தினம் ஒரு விதையாகத் தோண்டி எடுத்தவனுக்கு, தோண்டிய எதுவும் செடியாகவில்லை என்பது நன்றாகத் தெரியும்.