மண்டபத்துக்கு ஒரு நாள்
யூத இளைஞர்களைக் குழுவாக இஸ்ரேலுக்கு அழைத்துப்போகும் பயணங்களைப் பற்றிப் படிக்கையில், அயலகத் தமிழ் இளைஞர்களுக்காகத் தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘வேர்களைத் தேடி’ பண்பாட்டுப் பயணமும், இலங்கையின் ஹட்டன், நுவரெலியா தோட்ட லயங்களில் வளரும் நம் பிள்ளைகளும்தான் நினைவுக்கு வந்தார்கள். அந்தப் பயணத்தில் காட்டப்படும் மாமல்லபுரமும் தஞ்சைப் பெரிய கோயிலும் அவர்கள் பார்க்க வேண்டியவையே. ஆனால் அவர்களுடைய பூட்டன்மார் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்த, ஆள்சேர்க்கும் கங்காணியின் பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டவர்கள். அவர்களில் பலர் தமிழகத்தில் கடைசியாகத் தங்கியது மண்டபம் என்ற ஊரின் முகாமில். நோய் இருக்கிறதா என்று சோதித்த பிறகே தனுஷ்கோடியில் கப்பலேற்றினார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலருக்கும் முதல் தங்கலிடம் அதே மண்டபம்தான், எத்தனை கொடுமை! அவர்களில் ஒரு பகுதியினரின் பேரப்பிள்ளைகள் இன்று நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். இங்கே இலங்கையிலுள்ள பிள்ளைகளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், தங்கை முறை, முகம் மட்டும் தெரியாது. பயண நிரலில் மண்டபத்துக்கு ஒரு நாளும் நீலகிரிக்கு இரண்டு நாளும் சேருங்கள். பூட்டனின் ஊர்ப்பெயர் தெரிந்த பிள்ளையை, ஒரு பொழுதாவது, அந்த ஊருக்கே அனுப்பிவையுங்கள். அங்கே உறவு சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கக்கூடும்.