குரலைப் பூட்டி வைக்கலாமா?

கிராமபோன் தட்டை நம்மில் சிலராவது கண்டிருப்போம். அதற்கும் முந்தைய மெழுகு உருளையைக் கண்டவர் அரியர். 1877-ல் எடிசன் வெள்ளீயத் தாளில் குரலைப் பதித்தார். மெழுகு உருளைகள் பின்னர் வந்தன. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் பாடும். பிற்காலத்தவை நான்கு நிமிடம். 1929-ல் எடிசன் நிறுவனம் இத்தொழிலையே கைவிட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இவ்வுருளைகளையும், சாவி கொடுத்துப் பாடவைக்கும் பெட்டிகளையும் இன்றும் தேடிச் சேகரிப்போர் உளர்.

அவர்கள் இல்லையேல் பல பெட்டிகள் பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஆயினும் எனக்கொரு வழக்கு உண்டு. மெழுகு மென்மையானது. பள்ளத்தில் மேலும் கீழுமாக ஏறி இறங்கும் ஊசி, ஒவ்வொரு முறையும் சிறிது தேய்த்தே செல்கிறது. (1912-ல் வந்த செல்லுலாய்டு நீல உருளை ஓரளவு தாங்கும்.) சரி, ஓட்டாமல் பூட்டி வைத்தாலோ, பூஞ்சை தின்கிறது!

பெர்க்கிலி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் என்னும் இயற்பியலார், ஊசியே படாமல் ஒளியால் பள்ளத்தைப் படமெடுத்து ஒலியை மீட்டார். சாந்தா பார்பராவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக நூலகம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உருளைப் பதிவுகளை எவரும் இலவசமாகக் கேட்கத் தந்துள்ளது. இயற்பியல் படிக்கும் எனக்கு இவற்றைப் படித்தபோது மகிழ்ச்சியைவிட ஏக்கமே மிகுந்தது. என் பாட்டி நடவுப் பாட்டில் ஊருக்கே தலைவி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். பதிந்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது அவர் இல்லை.

ஆகவே சேகரிப்போரிடம் கேட்கிறேன்: உருளையும் பெட்டியும் உங்களுடையனவாகவே இருக்கட்டும், குரலின் பிரதியொன்றை நூலகத்துக்குத் தாருங்கள். வேறெவரிடமும் இல்லாததால்தான் விலை என்பீர்கள். பாட்டைப் பிறர் கேட்பதால் உருளையின் விலை குறைந்துவிடுமா?